நாற்பத்தேழாவது மூக்கு

செத்துப்போன பிள்ளைக்காகப் பாக்கியம் அழுததைவிட, உயிரோடு இருக்கிற டாக்டர் பாண்டுரங்கனைச் சபித்ததுதான் அதிகம். அழுகை மூன்று மாதத்தில் வற்றிவிட்டது. சாபமோ இரண்டு வருஷமாக ஒரு நாள் தவறாமல் ஓடிக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் எல்லாரோடும் முழங்கால் போட்டுப் பரலோக மந்திரம் சொல்வாள். பிறர் குற்றத்தைப் பொறுக்கிற இடம் வரும்போது மட்டும் வாயை மூடிக்கொள்வாள். மனசில் இல்லாததைச் சொல்லிக் கடவுளை ஏய்க்கிற பழக்கம் அவளிடம் இல்லை.

புருஷன் காஸ்பர் வேர்க்கடலை மண்டியில் மூட்டை தூக்குகிறவன். முதுகில் எவ்வளவு ஏற்றினாலும் முனகாத ஜாதி. "உட்ரு பாக்கியம். ஆண்டவர் குடுத்தாரு, ஆண்டவரே எடுத்துக்கினாரு" என்பான்.

"ஆண்டவரு எடுத்துக்கினா நான் இன்னாத்துக்குக் கேக்கப் போறேன்? எடுத்தது அந்த ஆளு" என்பாள் இவள்.

அந்த ஆள் லேசுப்பட்ட ஆள் இல்லை. செஞ்சிக் கடைத்தெருவில் 'கைராசி டாக்டர்' என்று கேட்டால் கண் தெரியாதவன்கூட வழி சொல்வான். சுவரில் கண்ணாடி போட்ட சர்ட்டிபிகேட் ஒன்று தொங்கியது. அதை யாரும் படித்ததில்லை, படிக்கவும் தேவைப்படவில்லை. சிவப்பாக ஒரு தண்ணி மருந்து, மஞ்சளாக ஒரு தண்ணி மருந்து, இரண்டுக்கும் கேட்காவிட்டால் ஊசி. இதே மருந்தைத் திண்டிவனத்தில் வேறொருத்தர் கொடுத்தால் காய்ச்சல் நிற்காது, இவர் கொடுத்தால் நின்றுவிடும் என்று சனங்கள் சத்தியம் செய்தார்கள். கை அப்படி. அந்தக் கை மேலே பட்டால் போதும் என்று, நோயே இல்லாதவர்களும் வந்து நாடியை நீட்டிவிட்டுப் போனார்கள்.

அவருக்குப் பொடி போடுகிற பழக்கம் உண்டு. பட்டணத்து மூக்குப்பொடி, வெள்ளி டப்பியில். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்து ஒரு சிட்டிகை எடுத்து, இரண்டு மூக்கிலும் அடைத்து, உள்ளே ஒரு திருகு திருகி, வேட்டி முனையில் விரலைத் துடைத்துக்கொண்டுதான் அடுத்த ஆளைத் தொடுவார். ஊசி கொதிக்கும், விரல் கொதிக்காது. அதைப் பார்த்து முகம் சுளித்தவர் ஒருவரும் இல்லை. டாக்டர் பொடி போட்டுவிட்டுத் தொட்டால்தான் குணமாகும் என்றுகூடச் சிலர் சொல்லிக்கொண்டு திரிந்தார்கள். கைராசி என்று ஒரு முறை பெயர் வந்துவிட்டால் சனங்கள் தங்கள் புத்தியைக் கழற்றி ஆணியில் மாட்டிவிடுகிறார்கள்.

மாட்டியவர்களில் பாக்கியமும் ஒருத்தி. அதை மறைக்க முடியாது.

பிறந்த குழந்தைக்குச் சேனை வைக்கிற வழக்கம் எல்லா ஊரிலும் உண்டு. நல்ல குணமுள்ள பெரியவர் யாராவது சர்க்கரைத் தண்ணீரை விரலில் தொட்டு நாக்கில் வைப்பார்கள். வைத்தவர் குணம் பிள்ளைக்கு வரும் என்பார்கள். செஞ்சியில் அது கொஞ்சம் கொஞ்சமாக டாக்டர் பாண்டுரங்கன் கைக்கு வந்து சேர்ந்தது. பிறந்த உடனே வைக்க வேண்டியதை, அவர் கையால் ஆகட்டும் என்று நாள் தள்ளி வைக்கவும் ஆரம்பித்தார்கள். வெள்ளிக்கிழமை ஆட்டுச்சந்தைக்குச் சுற்று வட்டாரமே வரும். வருகிற வண்டியிலேயே குழந்தையையும் தூக்கி வந்து, அவர் ஆஸ்பத்திரி வாசலில் வரிசையில் உட்கார்ந்துகொள்வார்கள். அதற்கு அவர் காசு வாங்குவதில்லை. வெள்ளிக்கிழமை தவிர வேறு நாளில் வைப்பதும் இல்லை.

கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்துப் பாக்கியத்துக்குப் பிள்ளை பிறந்தது. தேவசகாயம் என்று பெயர் வைத்தார்கள். ஞானஸ்நானம் கொடுக்கிறதுக்கு முன்னாலேயே, வந்த முதல் வெள்ளிக்கிழமை, அவளே அவனைத் தூக்கிக்கொண்டு போனாள். பாண்டுரங்கன் பொடி போட்டார், விரலைத் துடைத்தார், சர்க்கரைத் தண்ணியில் தொட்டு நாக்கில் வைத்தார். பிள்ளை அந்த விரலைக் கவ்விக்கொண்டு சப்பியது. "பய கெட்டிக்காரன், வெரல உட மாட்டேன்றான்" என்று சிரித்தார். பாக்கியமும் சிரித்தாள்.

நாலாம் நாள் உதட்டோரத்தில் சின்னதாய் ஒரு கொப்புளம். அடுத்து அக்குளில், கழுத்தில் கட்டிகள். பிறகு மூச்சு இழுக்க ஆரம்பித்தது. பத்தொன்பதாம் நாள் மறுபடி அதே வாசலுக்கு ஓடினாள். முப்பது பேர் பார்த்துக்கொண்டிருக்க, பாண்டுரங்கன் பிள்ளையின் மார்பில் கை வைத்துப் பார்த்துவிட்டு அவள் பக்கம் திரும்பினார்.

"தாய்ப்பால்ல வெசம் இருக்குது. உன் பாலுதாம்மா இவனுக்கு எமன்" என்றார்.

பிள்ளை அன்று மத்தியானமே போய்விட்டது. அந்த வார்த்தை போகவில்லை. ஞானஸ்நான வீட்டுக்கு அவளைக் கூப்பிடுவது நின்றது. அவள் தெருவில் வந்தால் கைக்குழந்தைக்காரிகள் பிள்ளையை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றினார்கள். வாய் அவரைச் சபித்தாலும், ஆறு மாசம் உள்ளுக்குள் அவளும் அதை நம்பினாள். குளிக்கும்போது தன் மார்பைத் தானே பார்க்க அருவருத்தாள். பிற்பாடு எதை மன்னித்தாலும் அந்த ஆறு மாசத்தை மட்டும் அவளால் மன்னிக்க முடியவில்லை.

அறுபத்து நாலாம் வருஷம், பங்குனி வெயிலோடு சென்னையிலிருந்து டாக்டர் ஆண்டாள் வந்து இறங்கினார். மருத்துவக் கல்லூரியில் கிருமி ஆராய்ச்சி செய்கிறவர். இந்தப் பக்கத்துச் சனங்களுக்குக் கட்டி அதிகம் வருகிறது, ஏன் என்று பார்க்க நாலு மாசத் தங்கல். ராஜகிரிக் கோட்டைக்குப் போகிற வழியில் இருக்கிற டிராவலர்ஸ் பங்களாவில் இரண்டு அறை எடுத்துக்கொண்டார். ஒன்றில் அவர், இன்னொன்றில் மைக்ராஸ்கோப்பும், மண்ணெண்ணெயில் ஓடுகிற பிரிட்ஜும், கூண்டில் நாலு முயலும். எழுதப் படிக்கத் தெரிந்த, வீடு வீடாக ஏறி இறங்கக் கூச்சப்படாத ஒரு பெண் வேண்டும் என்றார். கோயில் சாமியார் பாக்கியத்தைக் கைகாட்டினார். வேலைக்குப் போனாலாவது வாய் ஓயும் என்று நினைத்திருப்பார்.

வேலை இதுதான்: கண்ணாடிச் சாமான்களைக் கழுவிக் கொதிக்க வைப்பது, ஊருக்குள் போய் ஆட்களிடம் மூக்கில் பஞ்சுக் குச்சி விட்டுத் துடைத்துச் சீசாவில் போட்டு எடுத்து வருவது, எண் எழுதி ஒட்டுவது. எந்த எண் யாருடையது என்பது அவள் எழுதுகிற நோட்டில் மட்டும் இருக்கும். டாக்டரம்மா எண்ணை மட்டும்தான் பார்ப்பார்.

"மூக்குல இன்னா இருக்கப் போவுது டாக்டரம்மா, சளியத் தவர?" என்று முதல் நாளே கேட்டாள்.

"கட்டி உண்டாக்குற கிருமி அங்கதான் குடியிருக்கும் பாக்கியம். சும்மா இருக்கும். அவங்களுக்கு ஒண்ணும் பண்ணாது. விரல் மூலமா அடுத்த ஆளுக்குப் போனாத்தான் அதோட குணம் தெரியும்."

கழுவிக்கொண்டிருந்த சீசா பாக்கியத்தின் கையில் அப்படியே நின்றது. விரல் என்று சொன்னாரே. அதற்கப்புறம் டாக்டரம்மா சொன்ன எதையும் அவள் தவறவிடவில்லை.

தட்டில் வளர்த்த கிருமி தங்க நிறத்தில் பொட்டுப் பொட்டாக வரும். ஊரில் மூன்றில் ஒருத்தர் மூக்கில் அது இருந்தது. அதில் பெரும்பாலானவை பயப்படத் தேவையில்லாதவை. கட்டி வரும், உடையும், ஆறும். சில மட்டும் வேறு ரகம் என்றார் ஆண்டாள். அவை ஒரு நச்சைக் கக்கும். ரத்தத்தில் கிருமியை எதிர்த்து நிற்பவை வெள்ளை அணுக்கள். அந்த நச்சு நேராகப் போய் அந்த அணுக்களையே கொன்றுவிடும். காவல்காரனை முதலில் கொன்றுவிட்டு அப்புறம் வீட்டுக்குள் நுழைகிற திருடன். பெரியவர்கள் எப்படியோ தாங்குவார்கள். பச்சைப் பிள்ளைகளுக்கு நுரையீரலுக்குப் போய்விட்டால் காப்பாற்றுவது கஷ்டம்.

"கண்ணால பாக்க முடியுமா?" என்றாள் பாக்கியம்.

"வா, பாரு."

முயல் காதிலிருந்து எடுத்த ரத்தத்தில் வெள்ளை அணுக்களைப் பிரித்து, கண்ணாடித் துண்டில் இளஞ்சூட்டில் வைத்திருந்தார். பாக்கியம் ஒரு கண்ணை மூடி மறு கண்ணைக் குழாயில் வைத்தாள். முதலில் தன் இமை மயிர்தான் தெரிந்தது. பிறகு அவை தெரிந்தன. ஒழுங்கான உருவம் இல்லாமல், ஒரு பக்கம் நீண்டு, மறு பக்கம் சுருங்கி, மெல்ல மெல்ல ஊர்ந்தன. எதையோ தேடிக்கொண்டு போகிற மாதிரி இருந்தது. அவளுக்கு அவற்றைப் பிடித்துவிட்டது.

"இப்ப நச்ச விடறேன். கிருமி இல்ல, வடிகட்டுன தண்ணி மட்டும்" என்று ஆண்டாள் ஓரத்தில் ஒரு துளி விட்டார்.

கொஞ்ச நேரம் ஒன்றும் ஆகவில்லை. அப்புறம் ஊர்ந்தவை ஒவ்வொன்றாக நின்றன. நீட்டிய காலை உள்ளே இழுத்து உருண்டையாகின. உள்ளே இருந்த பொடிப்பொடியான புள்ளிகள் உலை கொதிக்கிற மாதிரி குதித்தன, பிறகு அதுவும் நின்றது. உருண்டை ஊதியது, வெளுத்தது, ஓரம் கரைந்து போனது. ஒன்று மட்டும் கடைசிவரை ஊர்ந்து பார்த்தது. பாக்கியம் மூச்சைப் பிடித்துக்கொண்டு அதையே பார்த்தாள். அதுவும் நின்றது.

அவள் கண்ணை எடுத்தபோது முகமெல்லாம் ஈரம்.

"என் புள்ளைக்குள்ள இப்டித்தான் நடந்திச்சா?"

ஆண்டாளுக்கு அவள் கதை அரைகுறையாகத் தெரியும். பிள்ளை கட்டி வந்து செத்தது தெரியும், பால் பழி தெரியும், பாண்டுரங்கன் பெயர் தெரியாது. "இருக்கலாம். இப்ப யாராலயும் சொல்ல முடியாது. ஆனா ஒண்ணு சொல்றேன், தாய்ப்பால்ல தானா விஷம் ஊறாது. அப்படிச் சொன்னவன் முட்டாள்" என்றார்.

முட்டாள் என்பது பாக்கியத்துக்குப் போதவில்லை. முட்டாளை மன்னித்துவிட வேண்டியிருக்கும்.

மறுநாளே பாண்டுரங்கன் ஆஸ்பத்திரிக்குப் போய் நின்றாள். இரண்டு வருஷத்துக்குப் பிறகு அந்தப் படி ஏறுகிறாள். மெட்ராஸ் டாக்டரம்மா ஊரில் எல்லாப் பெரிய மனிதர்கள் மூக்கையும் பார்க்கிறார்கள் என்று பணிவாகச் சொன்னாள். 'எல்லாப் பெரிய மனிதர்கள்' என்றதும் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவளை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. அதுவே அவளுக்குத் தீ வைத்த மாதிரி இருந்தது. ஒருத்தியின் பாலை ஊர் நடுவில் விஷமாக்கினவனுக்கு அவள் முகம்கூட நினைவில்லை.

"தாராளமா எடும்மா. ஆராய்ச்சிக்கு ஒத்தாசை பண்றது நம்ம கடமையாச்சே" என்று தலையை அண்ணாந்து மூக்கைக் காட்டினார். உள்ளே கரகரவென்று பொடி. பாக்கியம் பஞ்சுக் குச்சியைத் தேவைக்கு மேலேயே ஒரு சுற்று சுற்றினாள். அவர் கண்ணில் தண்ணி வந்தது. சீசாவில் நாற்பத்தேழு என்று எழுதி ஒட்டினாள்.

அதன்பின் மூன்று வாரம் அவள் மற்ற மூக்குகளைப் பற்றிக் கவலைப்படவில்லை. நாற்பத்தேழாம் தட்டில் தங்கப் பொட்டுகள் வந்த அன்று கோயிலில் ஒரு மெழுகுவத்தி ஏற்றினாள். என்ன வேண்டுதல் என்று மாதாவுக்குத் தெரிந்திருந்தால் அதை ஊதி அணைத்திருப்பாள்.

புதன்கிழமை சாயங்காலம் நச்சுப் பரிசோதனை. நூற்றுச் சொச்சம் மூக்குகளில் கிடைத்த முப்பத்தெட்டுக் கிருமிகளில், முப்பத்தேழு முயல் அணுக்களை ஒன்றும் செய்யவில்லை. ஆண்டாள் மைக்ராஸ்கோப்பிலிருந்து தலையைத் தூக்கி, "நாப்பத்தேழு, பாக்கியம். அப்பா, என்ன வேகம்! ஒண்ணு மிச்சமில்ல" என்றார்.

பாக்கியம் சீசாவைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"யாரு இந்த ஆளு? நோட்டப் பாரு. பிரசவம் பாக்குறவங்க, குழந்தையத் தூக்குறவங்கன்னா இப்பவே போகணும். மூக்குல போட களிம்பு இருக்கு, கையத் தேச்சுக் கழுவச் சொல்லணும். ரெண்டு வாரத்துல சரி பண்ணிடலாம்."

ரெண்டு வாரத்தில் சரி பண்ணிவிடலாம். அதுதான் பாக்கியத்தின் காதில் விழுந்தது. டாக்டரம்மா போவார், உள்ளே அழைத்து நாற்காலி போடுவார்கள், இரண்டு படித்தவர்கள் தாழ்ந்த குரலில் பேசிக்கொள்வார்கள், களிம்பு கைமாறும். கைராசிக்கு ஒரு கீறலும் விழாது. அவள் பாலில் மட்டும் விஷம் அப்படியே இருக்கும், அவள் சாகிறவரைக்கும்.

நோட்டைத் திறந்தாள். அந்தப் பக்கத்தைப் பார்க்க வேண்டிய அவசியமே அவளுக்கு இல்லை.

"கோட்ட வாசல்ல காவலு இருக்குற கெழவரு, டாக்டரம்மா. ஒண்டி ஆளு. புள்ள குட்டி கெடையாது."

"அப்படியா? நல்லதாப் போச்சு. அப்ப திங்கக்கிழமை போய்க்கலாம்" என்று ஆண்டாள் விளக்கை அணைத்தார்.

வெள்ளிக்கிழமைக்கு நடுவில் இருந்தது ஒரே ஒரு நாள். அவர் வெள்ளிக்கிழமைதான் சேனை வைப்பார். அதுவரை ஒரு குழந்தைக்கும் ஆபத்து இல்லை. வெள்ளிக்கிழமை யார் வருவார்கள் என்பதும் அவளுக்குத் தெரியும். தைலம்மாள் வருவாள். பனமலை ரோட்டில் காலனியில் இருக்கிறவள், கல்லுடைக்கிற பச்சைமுத்துவின் பெண்டாட்டி. நிறைமாசம் வரைக்கும் பங்களாவுக்குத் தண்ணீர் எடுத்தவள். போன சனிக்கிழமைதான் பிள்ளை பிறந்தது. பார்க்கப் போன பாக்கியத்தின் மடியில் தானாகவே தூக்கிப் போட்டாள். இரண்டு வருஷத்தில் பாக்கியத்தை நம்பிப் பிள்ளையைக் கொடுத்த முதல் ஆள். "வெள்ளிக்கெழம சந்த வண்டியில டாக்டரய்யாகிட்ட கொண்டாரேன் அக்கா" என்று சொல்லியிருந்தாள்.

கொண்டு வரட்டும். சந்தைக் கூட்டம் மொத்தமும் பார்க்க, அந்த விரல் தைலம்மாளின் பிள்ளை வாய்க்கு முன்னால் வரும்போது, அந்த மணிக்கட்டைப் பிடிப்பேன். அப்புறம் சொல்வேன். என்னென்ன சொல்வேன் என்பதை வியாழக்கிழமை முழுக்கப் பாத்திரம் தேய்க்கும்போதும் துணி துவைக்கும்போதும் சொல்லிப் பார்த்தாள். காஸ்பருக்குக் கூழ் ஊற்றும்போதும் உதடு அசைந்தது.

"இன்னா, செபம் சொல்றியா?" என்றான் அவன் சந்தோஷமாக.

"ஆமா" என்றாள்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கெல்லாம் கடைத்தெரு ஆட்டு வாசனையில் மூழ்கிக் கிடந்தது. பாண்டுரங்கன் வாசலில் வழக்கம்போலக் கூட்டம். பாக்கியம் எதிரில் சோடாக்கடை ஓரமாக, நல்ல புடவை கட்டிக்கொண்டு நின்றாள். பதினொன்றரைக்குத் தைலம்மாள் வந்தாள். பழந்துணியில் சுற்றிய பிள்ளை தோளில். அவள் படி ஏறியதும், "வாம்மா வா" என்று பாண்டுரங்கனே எழுந்து வந்து பிள்ளையின் முகத்தை மூடிய துணியை விலக்கினார். இன்னொரு கையில் பொடி டப்பி.

பாக்கியம் மூன்றே எட்டில் தெருவைக் கடந்து, நினைத்தபடியே அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். டப்பி கீழே விழுந்து பொடி சிதறியது. பக்கத்தில் நின்றவர்கள் தும்மினார்கள்.

"தொடாதே! இந்தக் கையால ஒரு புள்ளயத் தொடாதே!"

கூட்டம் திரும்பிப் பார்த்தது. பாக்கியம் ஒத்திகை பார்த்த எதையும் மறக்கவில்லை. "என்னத் தெரியுதா உனக்கு? ரெண்டு வருசத்துக்கு மின்ன இதே எடத்துல என் பாலு வெசம்னு சொன்னியே, அந்தப் பாக்கியம். வெசம் என் பால்ல இல்ல. உன் மூக்குல இருக்குது. மெட்ராஸ் டாக்டரம்மா எடுத்துப் பாத்தாங்க. ஊருல முப்பத்தெட்டுப் பேரு மூக்குல கிருமி இருந்திச்சி, உன் ஒருத்தன் கிருமிதான் வெசம் கக்குது. ரத்தத்துல இருக்குற வெள்ள அணுவ ஒண்ணு உடாம கொல்லுற வெசம். என் கண்ணால பாத்தேன். மூக்குல வெரல உட்டுப் பொடி போட்டு, அதே வெரல எங்க புள்ளைங்க வாயில வெச்சியே! கைராசியாம் கைராசி! எத்தினி புள்ளைய வாரிக் குடுத்திருக்குது இந்தக் கைராசி, கேளுங்க! உங்க வூட்ல கட்டி வந்து செத்த புள்ளைங்களுக்கு யாரு சேனை வெச்சாங்கன்னு ஒவ்வொருத்தரும் நெனச்சிப் பாருங்க!"

யாரோ "ஐயோ" என்றார்கள். பின்வரிசையில் ஒருத்தி தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். மேல்சித்தாமூரிலிருந்து பேரனோடு வந்திருந்த ஒரு பெரியவர், சத்தம் போடாமல் பேரனைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினார். அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர்.

பாண்டுரங்கன் மறுத்துப் பேசுவார், கத்துவார், போலீஸைக் கூப்பிடுவார் என்றெல்லாம் பாக்கியம் எதிர்பார்த்து எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தாள். அவரோ தன் ஆள்காட்டி விரலைப் பார்த்தார். அதில் பழுப்பு நிறப் பொடி ஒட்டியிருந்தது. "அந்த லேடி டாக்டர் சொன்னாங்களா? நிஜமா?" என்றார். குரல் கிழவன் குரலாகிவிட்டது.

"நெசம்தான். உன் நம்பரு நாப்பத்தேழு."

அவர் நோயாளிகள் உட்காருகிற நாற்காலியில் உட்கார்ந்தார். பாக்கியத்துக்கு உடம்பெல்லாம் ஜில்லென்று ஒரு சுகம் ஓடியது. இரண்டு வருஷத்துச் சாபம் பலித்தது. தன் பால் தனக்குத் திரும்பி வந்துவிட்டது. அந்த ஆள் இன்னும் கொஞ்சம் சின்னதாகிப் போகட்டும் என்று அவர் தலைக்கு மேலே நின்று பார்த்தாள்.

"அக்கா" என்றாள் தைலம்மாள்.

"பயப்படாதடி. உன் புள்ள வாயில படறதுக்கு மின்ன புடிச்சிட்டேன் இல்ல."

"இல்லக்கா. நேத்தே வெச்சிட்டாரு."

பாக்கியத்துக்குப் புரியவில்லை. "வெள்ளிக்கெழமதான வெப்பாரு? இன்னிக்குத்தான வரேன்ன?"

"நேத்து பனமலையில யாருக்கோ சீக்குன்னு காருல போனாரு. திரும்பி வரப்ப எங்க காலனியாண்ட காரு நின்னுடுச்சி, எங்க ஊட்டுக்காரருதான் தள்ளி உட்டாரு. பச்ச ஒடம்புக்காரி நீ இன்னாத்துக்கு வெயில்ல வரணும்னு அவரே குடிசைக்குள்ள குனிஞ்சி வந்து வெச்சாரு. இன்னிக்குத் தொப்புளு ஈரமா இருக்குதேன்னு காட்ட வந்தேன்." தைலம்மாள் பிள்ளையின் வாயைத் திறந்து பார்த்தாள், விஷம் கண்ணுக்குத் தெரியும் என்பதுபோல. "வெரல நல்லா சப்பிச்சிக்கா. நேத்து சாயங்காலம் தெரிஞ்சிருந்தா வேணாம்னு சொல்லியிருப்பேனே. உனக்கு இன்னிக்குக் காலையிலதான் தெரிஞ்சிதா?"

அவள் சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை. அதுதான் கொடுமை. ஆமாம் என்று ஒரு தலையசைப்புப் போதும்; தைலம்மாள் நம்பிவிடுவாள், கூட்டமும் நம்பிவிடும். பாக்கியம் வாயைத் திறந்தாள். பிள்ளையின் உதட்டைப் பார்த்தாள். ஒன்றுமில்லை, சுத்தமான சிவப்பு உதடு. கொப்புளம் வருவதாக இருந்தால் நாலாம் நாள்தான் வரும்.

"புதன்கெழமையே தெரியும்" என்றாள்.

தைலம்மாள் துணியை இழுத்துப் பிள்ளையைப் போர்த்தினாள். "டாக்டரம்மா யாருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னாங்களா?"

"இல்ல. உடனே சொல்லணும்னாங்க. நான்தான் ஆள மாத்திச் சொன்னேன். இன்னிக்கு எல்லாரும் இருக்கறப்ப சொல்லணும்னு."

கூட்டத்தில் இப்போது பாண்டுரங்கனை ஒருவரும் பார்க்கவில்லை. தைலம்மாள் பாக்கியத்தைத் தாண்டிப் போய் அவர் முன்னால் நின்று பிள்ளையை நீட்டினாள். "நீங்களே பாருங்க சாமி. இப்ப இன்னா பண்றது?"

பாண்டுரங்கன் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார். வாங்கவில்லை. "என்கிட்டக் குடுக்காதம்மா. பங்களாவுக்குத் தூக்கிட்டுப் போ. அந்த டாக்டரம்மாகிட்ட மருந்து இருக்கும். நேத்து நான் வெச்சேன்னு மறைக்காம சொல்லு. ஓடு."

தைலம்மாள் படியிறங்கி, ஆட்டு மந்தைகளுக்கு நடுவில் கோட்டைப் பக்கம் ஓட்டமும் நடையுமாகப் போனாள். பாக்கியமும் பின்னால் ஓடினாள். மூச்சிரைக்க, "இப்டிக் குடுடி, நான் தூக்கியாறேன், நீ பச்ச ஒடம்புக்காரி" என்று இரண்டு கையையும் நீட்டினாள்.

தைலம்மாள் நின்றாள். திட்டவில்லை, அழவும் இல்லை.

"நீ வராத அக்கா" என்று சொல்லிவிட்டுப் பிள்ளையோடு நடந்தாள்.